சாலையில் தேய்த்துப் பார்த்த ஜாக்கெட்: ஒரு தையல்காரியின் விமர்சனம்

பைக் ஓட்டும்போது போடுகிற இந்த மெஷ் (வலைத்துணி) ஜாக்கெட்டை வாங்கி ஒரு வருடம் ஆகிறது. முதல் பத்து மாதத்துக்குள் எழுதியிருந்தால் காற்று நன்றாக வருகிறது, பை ஆழம், சாம்பல் நிறம் அழுக்கு காட்டாது என்று எழுதி ஐந்தில் நான்கு நட்சத்திரம் போட்டிருப்பேன். பத்தாவது மாதம் ஒரு வளைவில் சிதறிக் கிடந்த சரளைக்கல்லில் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி முன்னால் போக, இடப்பக்கம் படுத்தவாக்கில் நானும் அதன் பின்னாலேயே தேய்ந்துகொண்டு போனேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. தோல் மூன்று இடத்தில் போயிற்று.

எனக்குத் தொழில் தையல். 22 வருடமாகச் செய்கிறேன். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ஜாக்கெட்டை வெட்டும் மேசையில் விரித்துப் போட்டு, எந்தத் தையல் நின்றது, எது விட்டுக்கொடுத்தது என்று பார்த்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். பரவாயில்லை, எங்கே கிழிந்தது, எங்கே தோல் போனது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு மறுபடி வரக்கூடாது, அதனால் வந்ததை விடவும் கூடாது.

முதலில் வேகம். நான் 50 கிலோமீட்டர் வேகத்தில் இருந்திருப்பேன். துணி போட்ட உடம்பு தார்ச்சாலையில் தேயும்போது நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகம் குறையும். அப்படியானால் நிற்பதற்கு இரண்டரை நொடி. தூரம் சுமார் 17 மீட்டர். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் நம் மேல்தோல் உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நான் தைக்கிற சட்டைத்துணியைவிட மெல்லியது. அதற்குக் கீழே உள்ள தோலும் பல இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். தார் என்பது உப்புத்தாளின் அண்ணன். இரண்டரை நொடி அதற்குப் போதும், மிச்சமும் இருக்கும்.

தோள்பட்டையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் ஜாக்கெட்டுக்கு முழு மதிப்பெண். முதலில் தரையில் பட்டது இடது தோள். அந்த இடத்தில் மெஷ் கிடையாது, 600 டெனியர் நைலான் போட்டிருக்கிறார்கள். டெனியர் என்றால் 9000 மீட்டர் இழையின் எடை, கிராமில். 600 என்றால் தடித்த நூல். நெசவும் இறுக்கம். மேலே ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சு பஞ்சாகப் பிசிறிட்டு வெளுத்திருக்கிறது, ஓட்டை விழவில்லை. அங்கே சேரும் இரண்டு துண்டுகளை மடித்து உள்ளே ஒரு வரி, மேலே இரண்டு வரி என்று மூன்று வரி அடித்திருக்கிறார்கள். மேல் வரி நூல் அறுந்து பறக்கிறது, அடுத்த வரி பாதி தேய்ந்திருக்கிறது, உள்வரி புதுசு போல அப்படியே இருக்கிறது. மேலே தெரியும் நூல்தான் முதலில் தேயும் என்று தெரிந்து, வேலையை உள்ளே ஒளித்து வைத்த ஒரு கை இதைத் தைத்திருக்கிறது. யாரோ தெரியாது, கும்பிடு. என் தோளில் நீலம் பாய்ந்ததோடு சரி.

முழங்கைக்கு வருவோம். இங்கேதான் சண்டை.

பெண்கள் அளவில் இந்த மாடல் இல்லை. ஆண்கள் அளவில் ஆகச் சின்னதை எடுத்தேன். மார்புக்குச் சரி, கைக்குத் தொளதொள. கடையில் கையை மடக்கிப் பார்த்தேன், உள்ளே வைத்திருக்கும் அடிதாங்கிப் பேட் முழங்கை மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் கை நீட்டி ஹேண்டிலைப் பிடிக்கும்போது எங்கே போகிறது, துணியைப் பிடித்து முறுக்கினால் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. விழுந்ததும் சாலை அந்தக் கையை முறுக்கிற்று. பேட் கையின் உள்பக்கமாகச் சுற்றிப் போய்விட்டது, முழங்கை எலும்புக்கும் தாருக்கும் நடுவில் மிஞ்சியது மெஷ் மட்டும்.

மெஷ்ஷை விரலால் தடவிப் பாருங்கள் என்று இங்கே காட்ட முடியாது, சொல்கிறேன். ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கருகின பால் ஏடு போலக் கெட்டியாகி, ஓரம் நகத்தில் கீறுகிறது. இது கிழிசல் இல்லை, உருகல். பாலியஸ்டர் ஏறக்குறைய 260 டிகிரியில் உருகும். அந்தச் சூடு தேய்ப்பிலேயே வந்திருக்கிறது. உள்ளே இருந்த லைனிங் கிழியவேயில்லை, ஆனால் அதற்கு அடியில் என் தோல் தீப்பெட்டி அளவுக்கு வழண்டிருந்தது. பாதி சிராய்ப்பு, பாதி சூட்டுப்புண். துணி கிழியாமலே தோல் போகும் என்பது இருபது வருடம் துணியோடு இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம்.

உள்ளே ஒரு லேபிள் இருக்கிறது, வாங்கும்போது படித்தேன், புரியவில்லை. EN என்பதை இ.என். என்றே எழுதுகிறேன்: இ.என். 17092, வகுப்பு ஏ. இது 2020-இல் வந்த ஐரோப்பியத் தரம். வகுப்புகள் மேலிருந்து கீழாக மூன்று ஏ, இரண்டு ஏ, ஒரு ஏ, பிறகு பி, சி. சுழலும் ஒரு எந்திரத்தில் துணியை மாட்டி, வேகம் ஏற்றி, கான்கிரீட் பரப்பின் மேல் விட்டுத் தேயவிட்டு ஓட்டை விழுகிறதா என்று பார்ப்பார்கள். அதிகம் அடிபடும் பகுதிகளுக்கு மூன்று ஏ என்றால் 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான சுழற்சி, இரண்டு ஏ என்றால் 70, ஒரு ஏ என்றால் 45. பி என்பது ஏ மாதிரியே, பேட் மட்டும் இல்லாதது. சி என்பது பேட்டைப் பிடித்து வைக்கிற வலைச்சட்டை, தேய்ப்புக்கு அதில் பாதுகாப்பே கிடையாது. மெஷ் ஜாக்கெட் பெரும்பாலும் ஒரு ஏ-யில்தான் வரும். ஆக, 45-க்குப் பாஸ் ஆன துணியை 50-இல் தேய்த்தேன். தோள் நின்றது அதிர்ஷ்டம் கொஞ்சம், தையல் மிச்சம்.

லேபிளில் எது இல்லை என்பதையும் பார்க்கவேண்டும். தோள், முழங்கை பேட்களில் இ.என். 1621-1, லெவல் 1 என்று அச்சடித்திருக்கிறது, அது பேட் அடி தாங்குவதற்கான தரம். முதுகில் கையை விட்டு உருவினால் வந்தது ஒரு சாதாரண ஸ்பாஞ்சு, எந்த எண்ணும் இல்லை. மெத்தை தைக்கிறவர்கள் மிச்சத்துண்டு என்று தூக்கிப் போடுவது. முதுகுப் பேட் நான் தனியாக வாங்க வேண்டுமாம், பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பெட்டிப் படத்தில் மாடல் பையன் முதுகைக் காட்டித்தான் நிற்கிறான்.

இரண்டாவது காயம் இடுப்பில். ஜாக்கெட் கீழ் ஓரத்துக்கும் ஜீன்ஸுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. தேயத் தொடங்கியதும் ஜாக்கெட் மேலே சுருண்டு ஏறிவிட்டது. உள்ளே போட்டிருந்த பனியன் அதற்கு முன்னாலேயே ஏறியிருக்கும். ஆழமில்லை, ஆனால் மூன்றில் அதிகம் எரிந்தது இதுதான். மேலோட்டமான சிராய்ப்பில் நரம்பு முனைகள் அப்படியே திறந்து கிடக்கும், அதனால்தான் அந்த எரிச்சல் என்று டாக்டர் சொன்னார். ஆழமாகப் போன இடத்தில் சில சமயம் வலி குறைவாக இருக்குமாம், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

இந்த இடுப்புக் காயத்துக்கு ஜாக்கெட்டைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஜாக்கெட்டின் பின்பக்கம் உள்ளே எட்டு அங்குலத்துக்கு ஒரு பாதி ஜிப் இருக்கிறது. அதன் ஜோடிப் பாதியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பேன்ட்டிலும் தைத்துக்கொள்ளலாம், தைத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும், மேலே ஏறாது. அந்த உறை பத்து மாதம் என் பொத்தான் டப்பாவில் கிடந்தது. ஊருக்கெல்லாம் ஜிப் மாற்றிக் கொடுக்கிறேன். இதற்குப் பத்து நிமிட வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியதில் இடுப்பில் இப்போது ஒரு பெல்ட் வரைந்திருக்கிறது.

மூன்றாவது, இடது கணுக்கால். அன்று கேன்வாஸ் ஷூ போட்டிருந்தேன். இது ஜாக்கெட் விமர்சனம் என்பதால் ஒரே வரி: கணுக்கால் எலும்பை மூடாத ஷூ, ஷூ இல்லாத மாதிரிதான். ஆழமான காயம் அங்கேதான். கல்லும் தாரும் உள்ளே புகுந்ததும் அங்கேதான்.

கையுறைக்கு இரண்டு வரி. உள்ளங்கையின் அடியில் ஒரு கெட்டி பிளாஸ்டிக் வில்லை இருக்கும், அது எதற்கு என்று யோசித்திருக்கிறேன். விழும்போது நாம் கையைத்தான் ஊன்றுவோம். வெறும் தோலோ துணியோ என்றால் சாலையைக் கவ்விப் பிடிக்கும், மணிக்கட்டு மடங்கும். வில்லை இருந்தால் வழுக்கும். என் வில்லையில் நான்கு ஆழக்கீறல், உள்ளங்கையில் ஒன்றுமில்லை. தையல்காரிக்கு உள்ளங்கை போயிருந்தால் தொழிலே போயிருக்கும். கையுறை வேறு கம்பெனி, அதற்கு ஐந்துக்கு ஐந்து.

ஜீன்ஸும் ரைடிங் ஜீன்ஸ்தான். இடுப்பெலும்பு, முழங்கால் இரண்டு இடத்தில் மட்டும் உள்ளே மஞ்சளாக அரமிட் (கெவ்லார் வகை இழை) துணி வைத்துத் தைத்தது. மேலே டெனிம் முழங்காலில் ஓட்டையாகிவிட்டது. அரமிட் நின்றது. அது உருகாது, அதுதான் அதன் பெருமை. ஆனால் அதற்கு வெயில் ஆகாது, குளோரின் பிளீச் ஆகாது. உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போடுகிறவர்கள் நிழலில் போடுங்கள். அப்புறம், அரமிட்டை நல்ல கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். ஒரு சோதனைக்கு ஒரு ஓரத்தை வெட்டினேன், சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லாவிட்டால் ஜாக்கெட் காப்பாற்றியது எது என்று தெரியாது. மரத்துப்போக மருந்து தடவிக் கொஞ்ச நேரம் காத்திருந்து, செலைன் பீய்ச்சி, மென்மையான பிரஷ்ஷால் அந்த நர்ஸ் கணுக்காலைத் தேய்த்தார். மருந்தையும் மீறி வலித்தது. நான் காலை இழுத்தபோது அவர் நிறுத்தவில்லை. "வலிக்கும் அக்கா, ஆனா இன்னிக்கு எடுக்காத கல்லு அப்புறம் தோலுக்கு உள்ளேயே தங்கிடும்" என்றார். தார்த்துகளும் மண்ணும் புண்ணோடு சேர்ந்து மூடிக்கொண்டால் பச்சை குத்தின மாதிரி நீலக்கருப்பாக நின்றுவிடும், பிறகு லேசர் வரைக்கும் போகவேண்டும். கணுக்காலில் மட்டும் முக்கால் மணி நேரம். முழங்கைக்கு ஐந்து நிமிடம், ஏனென்றால் லைனிங் கிழியாததால் உள்ளே ஒரு துகள்கூட இல்லை, சுத்தமான புண். மெஷ்ஷின் மேல் கோபம் கொஞ்சம் தணிந்தது அப்போதுதான். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆனதால் அதையும் போட்டார்கள்.

கட்டு விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். மூன்றாம் நாள் வீட்டில் கட்டு நனைந்துவிட்டது என்று வெறும் காஸ் துணியை வைத்துச் சுற்றினேன். ராத்திரிக்குள் அது புண்நீரில் ஊறிக் காய்ந்து, துணியும் தோலும் ஒன்றாகிவிட்டன. பிரிக்கும்போது புதிதாக வந்த மெல்லிய தோலும் கூடவே வந்தது. துணியைத் துணியிலிருந்து பிரிக்கத் தெரியும், இது தெரியவில்லை. அப்புறம் ஒட்டாத சிலிகோன் முகம் வைத்த ஃபோம் கட்டு போட்டார்கள். முழங்கைக்கு ஹைட்ரோகொலாய்டு ஒட்டு, தோல் நிறத்தில் ரப்பர் பிளாஸ்திரி மாதிரி இருக்கும். அதற்கு அடியில் இரண்டு நாளில் மஞ்சளாகக் கூழ் சேர்ந்து ஒரு நாற்றம் வரும், சீழ் என்று பயந்து ஓடினேன். சீழ் இல்லை, அந்த ஒட்டு புண்நீரைக் குடித்து அப்படி ஆகிறது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோதான் ஓட வேண்டும். அப்படிச் சீழ் பிடித்த புண்ணில் இந்த ஒட்டைப் போடவும் கூடாது.

புண்ணைக் காற்றாட விடு, பொருக்கு கட்டட்டும் என்றுதான் என் அம்மா சொல்வார். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த புண் காயவிட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மேல்தோல் மூடுகிறது என்று காட்டிவிட்டார். அம்மாவிடம் சொன்னேன், "பன்றிக்குச் சரி" என்றார். முழங்கை 12 நாளில் மூடியது. இடுப்பு 9 நாள். நான் காஸ் ஒட்டிப் பிய்த்த கணுக்கால் ஐந்து வாரம். தையல் மிஷின் மிதியை ஒவ்வொரு தரம் அழுத்தும்போதும் அந்த இடம் இழுக்கும், புதுத்தோல் வெடிக்கும், மறுபடி நீர் வடியும். கியர் போடும் காலும் அதுதான். இப்போது மூன்று இடமும் இளஞ்சிவப்பாக இருக்கிறது, அரிக்கிறது. வெயில் பட்டால் கருத்துத் தங்கிவிடும் என்று சன்ஸ்கிரீன் தடவச் சொல்லியிருக்கிறார்கள்.

கம்பெனிக்குப் படங்கள் அனுப்பி முழங்கை விஷயத்தை எழுதினேன். "சரியான அளவைத் தேர்ந்தெடுக்கவும்" என்று பதில் வந்தது. சரியான அளவைத் தைக்கவேயில்லையே ஐயா.

நான் மட்டும் துரதிர்ஷ்டக்காரி என்று நினைக்கவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் விபத்தில் சிக்கிய ஓட்டிகளின் உடைகளைப் பார்த்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஜாக்கெட், பேன்ட், கையுறை மூன்றிலுமே கால்பங்குக்கு மேல் அடிபட்டபோது சேதமாகித் தோற்றிருந்தன. அதே ஆய்வில் இவற்றைப் போட்டிருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கும் நிலைக்குப் போனது குறைவு. இரண்டும் சேர்ந்ததுதான் என் அனுபவமும். அந்த நாட்டிலும் நியூசிலாந்திலும் 2018-இலிருந்து மோட்டோகேப் என்று ஒன்று நடத்துகிறார்கள். கடையில் வாங்கிய ஜாக்கெட்டைத் தேய்த்துக் கிழித்துப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். காற்றோட்டத்துக்குத் தனி நட்சத்திரம் உண்டு. வாங்குமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள், நான் இதை வாங்கிய பிறகுதான் பார்த்தேன்.

ஆக மதிப்பெண்: தோளுக்கு ஐந்து, கைக்கு ஒன்றரை, முதுகு ஸ்பாஞ்சுக்குப் பூஜ்யம், பாதி ஜிப்புக்கு ஐந்து (அதைத் தைக்காதவளுக்குப் பூஜ்யம்). உங்களுக்குக் கை கச்சிதமாக இருந்தால் வாங்கலாம். கடையில் ஒரு சோதனை செய்யுங்கள்: ஜாக்கெட்டைப் போட்டு ஜிப் மூடி, கூட வந்தவரை முழங்கைத் துணியைப் பிடித்து இரண்டு பக்கமும் முறுக்கச் சொல்லுங்கள். பேட் எலும்பைவிட்டு விலகினால் கழற்றி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடிபட்ட ஜாக்கெட்டை மறுபடி நம்பி ஓட்டக்கூடாது. அது இப்போது என் தையல் கடையில் ஆணியில் தொங்குகிறது, கேட்கிறவர்களுக்குக் காட்டுகிறேன். இதே மாடலில் இன்னொன்று வாங்கினேன், சிரிக்காதீர்கள், அந்தத் தோள் தையலுக்காக வாங்கினேன். கையின் தொளதொளப்பை நானே பிடித்துத் தைத்தேன். கையின் வெளிப்பக்கத் தையலைத் தொடவில்லை, அதுதான் சாலையில் படும் பக்கம். பிரித்துத் தைத்தால் பழைய ஊசி ஓட்டைகள் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாக நிற்கும். உள்பக்கத் தையலில் மேலிருந்து மணிக்கட்டு வரை ஒன்றேகால் அங்குலம் எடுத்தேன். சட்டைக்குப் போடும் நூல் வேண்டாம், பையும் செருப்பும் தைக்கிற நைலான் நூல், 18 நம்பர் ஊசி. இரண்டு ஊசி உடைந்தது. நான் கை வைத்ததும் அந்த லேபிளுக்கு இனிப் பெறுமதி இல்லை என்று கம்பெனி சொல்லும், சொல்லட்டும். இப்போது முறுக்கினாலும் பேட் நகரவில்லை.

ஜோடி ஜிப்பையும் ஜீன்ஸில் தைத்துவிட்டேன். அதில் ஒரே தொல்லை, வழியில் கழிப்பறைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு எட்டு அங்குலத்தைத் திறந்தாக வேண்டும், கையுறையைக் கழற்றாமல் முடிவதில்லை. ஜிப் நுனியில் ஒரு அங்குல ரிப்பன் கட்டிப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை.